பூபாலன் வாங்காத யுத்த போனஸ்

“பத்து நாள் ஊட்டுப் பக்கமே தலைகாட்டாம ஜெயில்லயே கெடந்தீங்களே, அதுக்கு ஒத்தப் பைசா தரலைன்னு சொன்னா நம்பிக்கறதுக்கு நான் என்ன காதுல பூ வெச்சுட்டுத் திரியறனுங்களா?”

“ஏம்புள்ள, தரலைன்னா தரலைதான். இல்லாததை எங்கிருந்து எடுத்துக் காட்டட்டும்?”

“கத்தாதீங்க.”

“நானா கத்தறேன்?”

இரண்டு பேரும்தான் கத்துகிறீர்கள் என்று நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல முடியாது, நடுவில் நிற்பது சுவர், அதுவும் ஒற்றைக்கல் சுவர், லைன் வீடு கட்டியவன் சிமெண்டை மிச்சம் பிடித்ததில் அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும், ஆகவே கமலாம்பாள் ஒட்டுக்கேட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவள் பாட்டுக்குத் தன் வீட்டில், தன் பாயில், தன் முதுகைத் தன் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், காது எங்கே போய் நிற்கிறது என்பதற்கு அவளா பொறுப்பு... மடியில் ஒரு குழந்தை பனியன், கையில் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரி, கம்பெனி வண்டிக்காரன் நேற்று இறக்கிவிட்டுப் போன கட்டு பிரித்தபடியே கிடந்தது, ஒன்பது மணியிலிருந்து அந்த ஒரே பனியனைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள், தொங்கும் நூலெல்லாம் எப்போதோ தீர்ந்து இனித் தையலைத்தான் வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, இந்த நெருப்பெரிச்சல் ஊரில் பாதிப் பனியன் கம்பெனி மூடிக் கிடக்கும் நாள், மிஷின் சத்தம் இல்லாததால் சண்டை இன்னும் தெளிவாகக் கேட்டது. இந்த ஊர்ச் சண்டையில் ஒரு சௌகரியம், எவ்வளவு ஆத்திரம் பொங்கினாலும் கடைசியில் ஒரு ‘ங்க’ வந்து ஒட்டிக்கொள்ளும், நாசமாய்ப் போங்க என்று மரியாதையாகத்தான் சபிப்பார்கள். அனிதா அப்படித்தான், கல்யாணமாகி ஒன்பது வருடம், புருஷனை இன்றைக்கு வரைக்கும் ‘நீ’ என்று ஒரு தடவை சொன்னதில்லை, அதைக் கமலாம்பாள் கணக்கு வைத்திருந்தாள், வேறு யார் வைப்பார்கள்.

பூபாலன் ஜெயில் வார்டர். கோயமுத்தூர்ப் பக்கம் வேலை, இங்கே குடித்தனம், ஏனென்றால் அனிதாவுக்கு இங்கே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் வேலை, அவள் வாரச் சம்பளம் இல்லாமல் அவன் மாதச் சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல் நடக்காது. காக்கி உடுப்பை ஞாயிறுதோறும் வாசலில் காயப்போடுவான், பூட்ஸைத் துடைப்பான், துடைக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், எதிரே பெரியவள் ஒருத்தி நின்று மகனோடு போன் பேசுகிறாளே, என்ன சேதி என்று ஒரு வார்த்தை கேட்போம் என்று கிடையாது, முதுகு... அகலமான முதுகு, பனியனில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு ஓட்டை, பனியன் ஊரில் இருந்துகொண்டு ஓட்டைப் பனியன் போடுகிறானே என்று கமலாம்பாள் அதையும் குழாயடியில் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் வைத்துக்கொண்டு என்ன செய்ய, வீட்டில் அவள் ஒருத்திதான், சுவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும்.

ஆனால் போனஸ்... போனஸ் விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கக் கூடாதோ? சொன்னதில் என்ன தப்பு, இந்த ஊரில் ஐப்பசி பிறந்தால் மனுஷர்கள் வேறென்ன பேசுகிறார்கள். ‘நல்லா இருக்கறீங்களா’ என்று கேட்பதற்குப் பதில் ‘போனஸ் போட்டாச்சுங்களா’ என்றுதான் கேட்பார்கள். எந்தக் கம்பெனியில் எத்தனை பர்சென்ட், எவன் ரொக்கமாகக் கொடுத்தான், எவன் பாதியைப் பொங்கலுக்குத் தள்ளினான், எல்லாம் கைக்குப் பணம் வருவதற்கு முன்னால் குழாயடிக்கு வந்துவிடும், ஒவ்வொரு பெண்ணும் குடத்தை வைத்துவிட்டுத் தன் வீட்டுத் தொகையைச் சொல்ல வேண்டும், அதுதான் முறை, சொல்லாதவளைப் பார்த்து மற்றவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். புருஷன் குடித்தாலும் பொறுப்பார்கள், இன்னொரு குடும்பம் வைத்திருந்தாலும் நாலு நாள் அழுதுவிட்டுப் பொறுத்தவர்கள் உண்டு, போனஸை மறைத்தவனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. அந்த வரிசையில் பாவம் அனிதா, ஒன்பது தீபாவளியாகத் தன் தொகையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். ஊட்டுக்காரருக்கு? கவர்மெண்டுங்க, பொங்கலுக்குத்தான் ஏதோ கொஞ்சம். ஓ... கவர்மெண்டு. அந்த ‘ஓ’வை முதலில் ஆரம்பித்து வைத்தது யார், கமலாம்பாள்தான், மறந்துபோகுமா.

அதற்குப் பரிகாரமாகத்தான் சொன்னாள் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். பதினைந்து நாளைக்கு முன்னால், பருப்பு வேகும் நேரத்தில், டிவியில் கீழே ஓடுகிற எழுத்து, அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முன்பாதி ஓடிப்போய்விட்டது, பின்பாதி மட்டும் கிடைத்தது... ‘சிறைக் காவலர்களுக்குப் போர்க்கால போனஸ், சம்பளத்துடன் சேர்த்து வழங்க முடிவு.’ அவ்வளவுதான், குக்கர் விசில் அடித்தது. யாராயிருந்தாலும் என்ன நினைப்பார்கள்? மே மாதம் எல்லையில் குண்டு போட்டுக்கொண்டார்களே, அப்போது பூபாலன் லீவெல்லாம் ரத்து என்று பத்து நாள் வீட்டுக்கு வராமல் கிடந்தானே, சண்டை நின்றது, இப்போது தீபாவளி வருகிறது, ஆகவே போனஸ், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைவிடத் தெளிவாக ஒன்றும் இருக்க முடியாது, வேலை பார்த்தான், தீபாவளி வந்தது, போனஸ். மறுநாள் குழாயடியில், “ஏங் கண்ணு, உங்க ஊட்டுக்காரருக்கு யுத்த போனஸ் வருதாமா? கம்முனு இருக்கறியே!” என்று போட்டாள். அனிதாவின் முகம்... அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஒன்பது வருடத்து ‘ஓ’வும் ஒரே நொடியில் அழிந்துபோன முகம். “யாருங்க்கா சொன்னாங்க?” என்றாள். டிவியில் வந்தது என்று சொல்லியிருந்தால் முடிந்தது. டிவி எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது, அதில் கமலாம்பாளுக்கு என்ன பெருமை. “யுவன் சொன்னான்” என்றாள். மகன் போனில் சொன்னான், ஜோர்டானில் யுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறவன், அவனுக்குத் தெரியாத யுத்தச் சேதியா, அங்கே கார்மெண்ட் கம்பெனியில் புரடக்‌ஷன் மேனேஜர், ஆயிரம் பேருக்கு வேலை சொல்கிறவன்... குழாயடி அப்படியே நம்பியது.

மூன்றாம் நாள் அதே எழுத்து முழுசாக ஓடியது, முன்பாதியோடு. கடலுக்கு அப்பால் வேறேதோ தேசம், அங்கே வேறேதோ யுத்தம், அந்த ஊர் ஜெயில்காரர்களுக்கு அந்த ஊர் அரசாங்கம். கண்ணாடியோடுதான் பார்த்தாள். சொல்லத்தான் நினைத்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகக்கூடச் செய்தாள், ஆனால் அதற்குள் சேதி நாலு வீதி தாண்டி மளிகைக் கடைக்காரர் அவளிடமே திரும்பச் சொல்கிற அளவுக்குப் போய்விட்டிருந்தது, “தெரியுங்களாம்மா, நம்ம வார்டருக்கு யுத்த போனஸாமா!” ஒரு சேதியைக் கொண்டுவருகிறவளுக்கு வழிவிட்டு உட்காரச் சொல்வார்கள், கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறவளை யார் உட்காரச் சொல்வார்கள். நாளைக்குச் சொல்லலாம், தீபாவளி கழியட்டும்... தீபாவளியும் கழிந்தது, ஆறு நாளாகிறது, அனிதா வெடிக்காத வெடியை மனசில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள், இன்றைக்குத் திரி பற்றிக்கொண்டது.

“குடுத்திருப்பீங்க, சேவூருக்குத்தான் குடுத்திருப்பீங்க! உங்கப்பா அங்க தோட்டத்துல இந்த வருசம் தண்ணிக்குப் போர் போடோணும்னு போன மாசமே பொலம்பிட்டிருந்தாரல்ல.”

“அப்பனை எதுக்கு இதுல இழுக்கற?”

“பின்ன யாரை இழுக்கறதுங்க? ஊரே கேக்குது, எத்தனைங்க எத்தனைங்கன்னு. எனக்கு ஒரு தொகை சொல்லத் தெரியலை. ஊட்டுக்காரி எனக்குத் தெரியலை, ஊருக்குத் தெரிஞ்சிருக்குது! பணத்துக்காகவா நான் கேக்கறேன்? சொல்லியிருந்தீங்கன்னா நானே சேவூருக்குக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன்.”

சொல்லியிருப்பாள், அது உண்மைதான், கமலாம்பாள் இந்தப் பக்கம் தலையை ஆட்டிக்கொண்டாள். அனிதா கெட்டவள் இல்லை. இந்தக் காம்பவுண்டில் ஆறு வீட்டில் காலையில் வேலைக்குப் போகும்போது “கமலாக்கா, சாவி வெச்சுட்டுப் போறேனுங்க” என்று ஒரு வார்த்தை பேசுகிறவள் அவள் ஒருத்திதான், மாலையில் சாவியை வாங்கும்போது இன்னொரு வார்த்தை, “சாப்ட்டீங்களாக்கா”, ஆக ஒரு நாளைக்கு இரண்டு. சில நாள் அந்த இரண்டுக்கு நடுவில் கமலாம்பாளின் தொண்டைக்கு வேலையே இருக்காது, கம்பெனி வண்டிக்காரன் வந்தால் எண்ணிக்கை சொல்லுவாள், அவ்வளவுதான். பிசிறு வெட்டித்தான் சாப்பிட வேண்டும் என்று இல்லை, மாதம் ஐந்தாம் தேதி பாங்கில் யுவன் அனுப்பும் பணம் விழுகிறது, போன் ஒரு தடவை டிங் என்கிறது... கட்டு வந்தால் கட்டோடு ஒரு ஆள் வருகிறான் என்பதற்காக வெட்டுகிறாள். இதை யாரிடம் சொல்ல.

“சரி, நீங்க சொல்ல வேண்டாம். வேல்குமாரண்ணனுக்குப் போன் போடறேன். கூட வேலை செய்யறவரு, அந்தப் பத்து நாளும் உங்ககூடத்தானே டூட்டில இருந்தாரு, அவரு சொல்லட்டும்.”

இதற்குப் பூபாலன் உடனே பதில் சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கத்திரி தானாக நின்றது. ஏன் பதில் சொல்லவில்லை என்பது உலகத்திலேயே கமலாம்பாளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பத்து நாளில் ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, அவள் திருமுருகன்பூண்டிக்குப் போயிருந்தாள், கோயிலுக்குத்தான், அன்றைக்கு யுவனுக்குப் பிறந்தநாள், முப்பத்தி நாலு, அர்ச்சனைச் சீட்டில் பெயரும் நட்சத்திரமும் சொல்லிவிட்டுத் திரும்பி வரும்போது ரோட்டோரச் சிற்பக் கூடம் ஒன்றில், பாதி கொத்தின நந்திக்குப் பக்கத்தில், கால்சட்டையும் கட்டம்போட்ட சட்டையுமாக உட்கார்ந்திருந்தான் பூபாலன். எல்லையைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியவன், இல்லை ஜெயிலைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியவன். பக்கத்தில் எந்தப் பெண்பிள்ளையும் இல்லை, கமலாம்பாள் பஸ்ஸை விட்டுவிட்டு அரைமணி நேரம் நின்று பார்த்தாளே, யாராவது வருகிறார்களா என்று... யாரும் வரவில்லை. பாட்டில் இல்லை. சீட்டாட்டம் இல்லை. உளி அடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். ஒரு டீ குடித்தான். நந்தியின் முதுகில் படிந்திருந்த தூளைக் கையால் துடைத்தான். திரும்பவும் உட்கார்ந்தான். இதில் என்ன சேதி இருக்கிறது, இதைப் போய்க் குழாயடியில் எப்படிச் சொல்ல, ஆம்பளை ஒருத்தன் பெண்டாட்டியிடம் யுத்தம் என்று பொய் சொல்லிவிட்டுப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தான் என்றா? யார் நம்புவார்கள்? வாழ்க்கையில் அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே சேதி அதுதான். ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை... தெரியும், அன்றைக்கு அவள் காம்பவுண்டில் சொல்லிவிட்டுப் போனது, யுவன் பிறந்தநாளுக்குப் போன் பண்ணி அர்ச்சனை செய்யச் சொன்னான் என்று.

எழுந்து போய்ச் சொல்லிவிடலாம். நாலு எட்டு. அனிதாக் கண்ணு, அது நம்ம நாட்டுச் சேதி இல்லை, நான் அரைகுறையாகப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டேன், அவன் மேல் தப்பில்லை. பனியனை ஓரமாக வைத்தாள். எழுந்தாள்கூட. முழங்கால் சடக்கென்றது, சேலையைச் சரிசெய்துகொண்டாள், ஆனால் யுவன் சொன்னான் என்று சொன்னதை என்ன செய்ய? யுவன் தப்பாகச் சொல்லிவிட்டான் என்றால் யுவன் பெயர் கெடும். யுவன் சொல்லவே இல்லை என்றால்... பின்னே யுவன் போனில் என்னதான் சொல்கிறான் என்று கேட்பார்கள், கேட்க மாட்டார்களா, அவளாயிருந்தால் கேட்பாள். அப்படி யோசித்துக்கொண்டு அவள் நடுவீட்டில் நின்றிருந்தபோதுதான் வாசலில் நிழல் விழுந்தது, அனிதா, கண் சிவந்து, முடி கலைந்து, அவளுக்குப் பின்னால் வாசலோடு நின்றுவிட்ட பூபாலன்.

“கமலாக்கா, வேற யாரும் வேண்டாமுங்க. யுவனுக்கு ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அவரே சொல்லட்டும், எந்தப் பேப்பர்ல வந்துச்சு, எத்தனை போட்டிருக்காங்கன்னு. படிச்ச மனுசன் சும்மா சொல்ல மாட்டாருல்லங்க?”

போன் டிவிக்கு மேலே இருந்தது. யுவன் ஊருக்குப் போகும்போது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பெரிய போன், கண்ணாடி ஒரு மூலையில் விரிசல். கமலாம்பாள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை... ஒன்றரை வருடம். ஒன்றரை வருடமாக அந்த நம்பரிலிருந்து ஒரு குரல் வரவில்லை. சத்யப்பிரியா, மருமகள், குழந்தைக்காகக் கோயமுத்தூரில் ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று யுவன் இவளிடம் மட்டும் சொன்னான், அம்மா, கோயிலில் வேண்டிக்கோ என்று. இவள் வேண்டிக்கொள்ளவும் செய்தாள், குழாயடியில் சொல்லவும் செய்தாள், நாலு பேர் சேர்ந்து வேண்டினால் நல்லதுதானே என்றுதான் சொன்னாள், சத்தியமாக... அது சுற்றிச் சுற்றிப் போய் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சத்யப்பிரியாவின் இலைக்கு எதிரிலேயே கேள்வியாய் விழுந்தது. ஊசி போட்டும் தங்கலையாமா என்று. அதற்குப் பிறகு அவளையும் ஜோர்டானுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். கடைசியாகப் பேசியபோது கத்தக்கூட இல்லை யுவன், கத்தியிருந்தால் தேவலை. “உன்கிட்ட இனிமே எதுவுமே சொல்றதா இல்லம்மா” என்றான், மெதுவாக. எதுவுமே என்றால் நிஜமாகவே எதுவுமே என்று அவள் நினைக்கவில்லை. நல்லா இருக்கேன் என்பதைக்கூடவா.

ஆனால் காம்பவுண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்றால் கமலாம்பாளின் மகன் பேசுகிற நேரம். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில்தான் டவர் கிடைக்கும் என்று அங்கே போய் நின்று, போனைக் காதில் வைத்து, “சாப்ட்டியா சாமி... என்ன கொழம்பு... சத்யா நல்லா இருக்கறாளா... அங்க வெயிலா...” அவன் பதில் சொல்லுமளவுக்கு இடைவெளி விட்டு, சில இடத்தில் சிரித்து, சில இடத்தில் அதட்டி, பத்து நிமிடம். ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு, “சத்யாவுக்குக் குடு போனை” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது காதோடு வைத்திருந்த போன் ஓவென்று மணியடித்தது. கம்பெனி வண்டிக்காரன். அவள் திடுக்கிட்டுப் போனைக் கீழே போட்டதில்தான் அந்த விரிசல். வாசலில் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவன் பூபாலன் மட்டும்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, அவன் எப்போதும்போல முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான், ஆகவே அவன் கவனிக்கவில்லை என்று அன்றைக்கு நிம்மதியாக முடிவு கட்டிக்கொண்டாள்.

“போடுங்க்கா. என்ன யோசிக்கறீங்க?”

“இல்ல கண்ணு... அங்க இப்ப ஏழு மணிதான்... ரெண்டரை மணி நேரம் பின்னாடி...”

“ஏழு மணிக்கு எந்திரிச்சிருக்க மாட்டாருங்களா? நான் வேணா டயல் பண்றேன், குடுங்க.” அனிதாவே போனை எடுத்துவிட்டாள். எடுத்து, விரலால் தள்ளி, பெயரைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அந்தப் போனில் பெயர்கள் எத்தனை, ஏழு. யுவன் கடைசி. அடித்தால் மணி போகும், எடுக்க மாட்டான், அது பரவாயில்லை, வேலையாயிருப்பான் என்று சமாளிக்கலாம், ஆனால் அடிப்பதற்கு முன்னால் அதில் தெரியுமே, கடைசியாக எப்போது பேசியது என்று தெரியுமே, இந்தக் காலத்துப் போன் ஒன்றையும் மறைக்காதே... ஐயோ முருகா. கமலாம்பாள் தன்னையறியாமல் பூபாலனைப் பார்த்தாள். முதன்முறையாக அவன் முதுகு இல்லாமல் முகம் அவள் பக்கம் இருந்தது. என்னமோ ஞாபகம் வந்தது, எப்போதோ குழாயடியில் அவன் சொன்ன ஒரு ஜெயில் கதை. கைதிகள் வீட்டுக்குப் போன் பேச இத்தனை நிமிடம் என்று உண்டாம், பக்கத்தில் ஒரு வார்டர் நிற்க வேண்டுமாம், அது இவன் டூட்டி. சில பேருக்கு அந்தப் பக்கம் வைத்துவிடுவார்களாம், பொண்டாட்டியோ அண்ணனோ, பேசப் பிடிக்காமல். ஆனாலும் அந்த ஆள் போனை வைக்க மாட்டானாம், கட்டான போனில் நிமிடம் தீருகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பானாம், “சரி, சரி, பாப்பாவைப் பாத்துக்க” என்று. நீங்க என்ன பண்ணுவீங்க என்று யாரோ கேட்டார்கள். திரும்பி நின்னுக்குவேனுங்க, என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கமலாம்பாள்தான் அதிகம் சிரித்தாள், அந்தக் கதையை மூன்று வீதிக்குக் கொண்டு போனவளும் அவள்தான்.

“வெச்சிரு அனிதா.”

“ஏனுங்க?”

“அவிய போனை எதுக்கு நோண்டற. யுவன் பத்து மணிக்குத்தான் பேசுவாப்ல. ஞாயித்துக்கிழமை பத்து மணி. இப்ப எடுக்க மாட்டாப்ல.” பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், டூட்டி மாற்றும்போது பொறுப்பு ஒப்படைக்கிற குரலில். “போனஸ் வந்துச்சு. யுவன் சொன்னது நெசந்தான். இருபத்திரெண்டாயிரம்.”

அனிதாவின் கை போனோடு அப்படியே நின்றது. இருபத்திரெண்டாயிரம்! வராத பணத்துக்கு இவ்வளவு துல்லியமாக எப்படி ஒரு தொகை வாயில் வந்தது இவனுக்கு.

“எங்க அது?”

“செலவாயிப்போச்சு.”

“எதுக்கு?”

“செலவாயிப்போச்சுன்னா செலவாயிப்போச்சு. தப்புத்தான். வேல்குமாருக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்தாத. வா ஊட்டுக்கு.”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தில், இந்த மூச்சில், இல்லை கண்ணு, அவன் பொய் சொல்கிறான் என்று. கமலாம்பாள் வாயைத் திறந்தாள், வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, ஐம்பத்தொன்பது வருடமாக எந்த வார்த்தையையும் தடுத்துப் பழக்கமில்லாத நாக்கு, இன்றைக்குப் போய்த் தடுத்துக்கொண்டது. அனிதா போனை டிவி மேலே வைத்துவிட்டு, “சொன்னா தீந்துச்சுல்லங்க, அதை மொதல்லயே சொன்னா என்னங்க” என்று அழுதுகொண்டே போனாள், அழுகையில் பாதி நிம்மதி இருந்தது, கமலாம்பாளுக்கு அழுகையெல்லாம் தரம் பிரிக்கத் தெரியும். பூபாலன் ஒரு நொடி கூடுதலாக நின்றான். இவள் ஏதாவது சொல்வாள் என்றோ, சொல்லக் கூடாது என்றோ. அப்புறம் அவனும் திரும்பிப் போனான், அதே முதுகு, அதே ஓட்டை.

மறுநாள் குழாயடியில் அனிதா வீங்கிய கண்ணோடு, “எங்க ஊட்டுக்காரருக்கு இருபத்திரெண்டாயிரமுங்க, யுத்த போனஸு, எல்லாத்தையும் சேவூருக்குக் குடுத்துட்டு வந்து நிக்கறாருங்க” என்று சொன்னாள், திட்டுவதுபோலத்தான் சொன்னாள், ஆனால் தொகையைச் சொல்லும்போது குடத்தை ஒரு தட்டுத் தட்டி வைத்தாள். “பரவால்லையே, கவர்மெண்டு” என்றார்கள் மற்றவர்கள். யாரும் ‘ஓ’ போடவில்லை. கமலாம்பாள் பேசாமல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள், என்னக்கா உடம்புக்கு முடியலையா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

எதற்காக அப்படிச் சொன்னான்? அந்த மாதம் முழுக்க அவள் அதைத்தான் மடியில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள். தண்ணித் தொட்டியடியில் தான் வெறும் போனில் பேசுவது தெரிந்து தன்னைக் காப்பாற்றினானா... இல்லை, வேல்குமாருக்குப் போன் போனால் பூண்டியில் உட்கார்ந்திருந்தது வெளியே வந்துவிடும் என்று தன்னைக் காப்பாற்றிக்கொண்டானா... அவள் பூண்டியில் அவனைப் பார்த்ததை அவனும் பார்த்தானா, இது அதற்குக் கூலியா? ஒரு நேரம் இப்படித் தோன்றும், ஒரு நேரம் அப்படித் தோன்றும், நாலு பேரிடம் போட்டுப் பேசினால்தான் ஒரு சேதி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும், இதை எந்தக் குழாயடியில் போட. ஒரு தடவை அவனிடமே கேட்டுவிடலாம் என்று போனாள். அவன் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான், “என்னங்க வேணும்” என்றான், “கொஞ்சம் காப்பித்தூள் இருந்தாக் குடு கண்ணு” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் காப்பித்தூள் டப்பா நிறைய இருந்தது.

கார்த்திகையில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஜெயில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, வாடகை மிச்சம், சேவூருக்குப் பணம் போகிற வழியும் தூரம் என்று அனிதா கணக்குப் போட்டாள், கம்பெனியை விட்டுவிட்டு அங்கேயே ஒரு மிஷின் வாங்கித் தைக்கப் போகிறாளாம். சாமான் ஏற்றிய அன்றைக்கு, “சாவி வெச்சுட்டுப் போறேனுங்க்கா, ஊட்டு ஓனர் வந்தாக் குடுத்துருங்க” என்றாள். தை மாதம் அனிதாவின் தங்கை தேவிப்பிரியாவுக்கு அவிநாசியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம், மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், கமலாம்பாளுக்கும் போனில் பத்திரிகை வந்தது, போனாள், மொய் வைத்தாள். பந்திக்கு வெளியே பூபாலன் வழிவிட்டு நின்றான். “யுவன் பேசறாப்லீங்களா?” என்றான். “போன ஞாயிறுகூடப் பேசினான் சாமி” என்றாள். “சந்தோசமுங்க” என்றான், உள்ளே போய்விட்டான்.

பக்கத்து வீட்டுக்கு ஒடிசாக்காரப் புருஷன் பெண்டாட்டி வந்திருக்கிறார்கள், நிட்டிங்கில் வேலை, நல்ல பிள்ளைகள்தான், கமலாம்பாள் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார்கள், ஒன்றும் புரியாது. கல்யாணம் முடிந்து வந்த ஞாயிறு, பத்து மணிக்கு, பழக்கத்தில் போனை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள், காதில் வைத்தாள், “சாப்ட்டியா சாமி” என்றாள். அந்தப் பெண் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு இவளையே நேராகப் பார்த்தாள், சின்னப் பெண், பெரிய கண், மொழி தெரியாதவர்கள் முகத்தைத்தானே பார்ப்பார்கள்... பார்வையை எடுக்கவே இல்லை. “பையன்... ஜோர்டான்” என்று போனைக் காட்டிச் சொன்னாள் கமலாம்பாள். பெண் தலையாட்டிவிட்டு இன்னும் பார்த்தாள். என்ன குழம்பு என்று கேட்க வேண்டும், வாயில் வரவில்லை. பதிலுக்கு இடைவெளி விட்டாள், அந்த இடைவெளி அப்படியே நீண்டுகொண்டு போயிற்று. பூபாலன் பூட்ஸ் துடைத்த இடத்தில் ஒடிசாக்காரனின் சைக்கிள் நின்றிருந்தது. அதைப் பார்த்தபடி போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றபோதுதான், யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டதுபோலத் தோன்றியது அவளுக்கு... ஒன்றரை வருடத்து ஞாயிறெல்லாம், சாப்பிட்டாயா, அங்கே வெயிலா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று, யுவனிடமா பேசினாள், திரும்பி நின்ற அந்த முதுகிடமா?